வயல்வெளிக்கு வந்த எலெக்ட்ரிக் கிடார்

பிரிட்டிஷ் ப்ரோக்ரஸிவ் ராக்கில் கிராமத்து வாசனை வீசும் ஒரு கிளை உண்டு. அதற்குள் நுழைய ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், தயங்காமல் சொல்ல வேண்டிய பெயர் ஜெத்ரோ டல் குழுவின் 'சாங்ஸ் ஃப்ரம் தி வுட்'. வெளிவந்தது 1977 பிப்ரவரியில். லண்டன் முழுக்க பங்க் இசை கொதித்துக்கொண்டிருந்த வருடம் அது. நீளமான பாட்டு, சிக்கலான தாளம், புல்லாங்குழல் எல்லாம் பழங்கதை என்று பத்திரிகைகள் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தன. குழுவின் தலைவர் இயன் ஆண்டர்சன் அந்த நேரத்தில்தான் காட்டையும் வேட்டையையும் பனிக்காலத் திருவிழாவையும் பாட்டாக்கிக் கொண்டுவந்தார்.

முதல் பாட்டு தொடங்கும்போது வாத்தியமே கிடையாது. குரல்கள் மட்டும் அடுக்கடுக்காக எழுந்து நிற்கின்றன. அக்கூஸ்டிக் கிடாரும் புல்லாங்குழலும் அதன் பிறகுதான் சேர்கின்றன, பேஸும் டிரம்ஸும் வந்து தாளத்தை உடைத்து உடைத்து அடுக்குவது அதற்கும் பிறகு. இந்த முதல் இரண்டு நிமிடங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பது நல்ல பயிற்சி. நாட்டுப்புறப் பாட்டு எங்கே முடிந்து ராக் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு கிழிக்க முடியாது. அடுத்து வரும் 'ஜாக் இன் தி க்ரீன்', மே தினக் கொண்டாட்டத்தில் உடம்பு முழுக்க இலைதழை மூடி ஆடிவரும் பழைய உருவத்தைப் பற்றியது. அந்தப் பாட்டில் கேட்கும் எல்லா வாத்தியங்களையும் ஆண்டர்சன் ஒருவரே வாசித்திருக்கிறார். 'ரிங் அவுட் சால்ஸ்டிஸ் பெல்ஸ்' ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. மிஸ்ர சாபுவில் பழகிய காது அதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

இந்த ஆல்பம் திடீரென்று முளைத்துவிடவில்லை. சற்று முன்புதான் ஆண்டர்சன் நகரத்தை விட்டுக் கிராமத்துப் பண்ணை வீட்டுக்குக் குடிபோயிருந்தார். பிரிட்டனின் நாட்டார் கதைகளையும் தொன்மங்களையும் தொகுத்த ஒரு பெரிய புத்தகத்தை ஜோ லஸ்டிக் அவருக்குப் பரிசளித்திருந்தார். லஸ்டிக், பென்டாங்கிள், ஸ்டீலை ஸ்பான் ஆகிய நாட்டுப்புற ராக் குழுக்களின் மேலாளராக இருந்தவர். 1974-இல் ஸ்டீலை ஸ்பானின் 'நவ் வி ஆர் சிக்ஸ்' ஆல்பத்தின் தயாரிப்பில் ஆண்டர்சனே உதவியிருந்தார். அந்தக் குழுவின் பாடகி மேடி பிரையர் 1976-இல் டல் ஆல்பம் ஒன்றில் பின்குரல் கொடுத்திருந்தார். இரண்டு உலகங்களுக்கும் இடையே ஆள் நடமாட்டம் ஏற்கெனவே இருந்தது. குழுவின் பெயரும் ஒரு விவசாய முன்னோடியுடையதுதான்: ஜெத்ரோ டல் என்பவர் 1701-இல் விதைக்கும் கருவியை உருவாக்கியவர். 1968-இல் ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்த இளைஞர்களுக்குத் தற்செயலாக வைக்கப்பட்ட அந்தப் பெயர், ஒன்பது வருடம் கழித்துத்தான் பொருந்தியது.

அடுத்த வருடம் வந்த 'ஹெவி ஹார்ஸஸ்' இன்னும் உயர்ந்தது என்பது இந்த நூலின் கருத்து. அட்டையில் ஆண்டர்சன் இரண்டு பெரிய உழவுக்குதிரைகளை நடத்திக்கொண்டு வருகிறார். ஒன்பது நிமிடத் தலைப்புப் பாட்டு, டிராக்டர் வந்தபின் வேலையிழந்த ஷயர், க்ளைடெஸ்டேல், சஃபோக், பெர்ஷரான் இனக் குதிரைகளுக்கான புகழ்ப்பாடல். கர்வ்டு ஏர் குழுவின் டாரில் வே வந்து வயலின் வாசித்துவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய வில் நுழையும் இடத்தில் பாட்டு மெதுநடையிலிருந்து நாலுகால் பாய்ச்சலுக்கு மாறுகிறது. 1979-இன் 'ஸ்டார்ம்வாட்ச்' வடகடல் எண்ணெயையும் வரப்போகும் குளிரையும் பேசும் இருண்ட ஆல்பம். முதல் இரண்டும் பிடித்துப்போனால் மட்டும் அதற்குப் போகலாம்.

காது எதைப் பிடிக்க வேண்டும்? முதலாவது, பன்னிரண்டு கம்பிக் கிடார். ஆறு ஜோடிக் கம்பிகள், அவற்றில் நான்கு ஜோடிகளில் ஒரு கம்பி ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். ஒரே மீட்டலில் அடியும் மினுமினுப்பும் சேர்ந்து வருவது அதனால்தான். இரண்டாவது, மெல்லோட்ரான். பர்மிங்ஹாமில் செய்யப்பட்ட இந்தக் கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா இருக்கும். அதில் வயலினோ புல்லாங்குழலோ பாடகர் குழுவோ பதிவாகியிருக்கும். சுமார் எட்டு வினாடியில் நாடா தீர்ந்துவிடும் என்பதால் வாசிப்பவர் அதற்குள் விரலை எடுத்தாக வேண்டும். மூடுபனி போன்ற அந்த ஓசையின் லேசான நடுக்கம் நாடாவின் நடுக்கம். மூன்றாவது மெட்டு. ஆங்கில நாட்டுப்புற மெட்டுகளில் பல, மேஜர், மைனர் என்ற இரண்டு பெட்டிகளுக்குள் அடங்காதவை. டோரியன், மிக்ஸோலிடியன் என்று அவர்கள் சொல்லும் அடுக்குகளில் அமைந்தவை. கர்நாடக இசை தெரிந்தவருக்கு இவை புதிதல்ல: டோரியனின் ஸ்வரங்கள் கரகரப்பிரியாவுடையவை, மிக்ஸோலிடியனுடையவை ஹரிகாம்போஜி. 'ஸ்கார்பரோ ஃபேர்' பாட்டை மனதில் ஓட்டிப் பார்த்தால் டோரியன் எப்படி இருக்கும் என்பது விளங்கிவிடும்.

இந்தக் கிளையின் வேர் 1969-இல் இருக்கிறது. அந்த வருடம் மே மாதம் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் வேன் எம்1 நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளாகி, டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிளும் ஜீனி ஃப்ராங்க்ளின் என்ற பெண்ணும் இறந்துபோனார்கள். குழு கலைந்துவிடும் நிலை. மிஞ்சியவர்கள் ஹாம்ப்ஷயரில் ஃபார்லி சேம்பர்லேன் என்ற கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, பழைய பாடல்களை எலெக்ட்ரிக் வாத்தியங்களில் வாசித்துப் பார்த்தார்கள். பேஸ் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனில் உள்ள செசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் உட்கார்ந்து பாட்டுகளைத் தோண்டியெடுத்தார். அந்தக் கட்டடத்துக்குப் பெயர் தந்த செசில் ஷார்ப், 1903-இல் சாமர்செட்டில் ஒரு தோட்டக்காரர் பாடியதைக் கேட்டு நாட்டுப்புறப் பாட்டுச் சேகரிப்பில் இறங்கியவர். ஹட்சிங்ஸின் தேடலிலிருந்து வந்ததுதான் அந்த டிசம்பரில் வெளியான 'லீஜ் அண்ட் லீஃப்'. எட்டு நிமிட 'மாட்டி க்ரோவ்ஸ்' பாட்டில் சாண்டி டென்னி கதையைச் சொல்லி முடித்ததும், ரிச்சர்ட் தாம்ஸனின் கிடாரும் டேவ் ஸ்வார்பிரிக்கின் வயலினும் ஒன்றையொன்று விரட்டுகின்றன. 2006-இல் பிபிசி ரேடியோ 2 நாட்டுப்புற இசை விருதுகளில், எல்லாக் காலத்திலும் அதிகத் தாக்கம் செலுத்திய நாட்டுப்புற ஆல்பமாக இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இது ப்ரோக் ராக் அல்ல என்பவர்கள் உண்டு. ஆனால் இதைக் கேட்காமல் மற்றவற்றைக் கேட்பது, முதல் தொகுதியைத் தாண்டி நாவலைத் தொடங்குவது மாதிரி.

'லீஜ் அண்ட் லீஃப்' ஒரு நல்ல தேடல் முறையையும் கற்றுத்தருகிறது. ஃப்ரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு என்ற ஹார்வர்டு பேராசிரியர் இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்களைத் தொகுத்து 1882 முதல் 1898 வரை வெளியிட்டார். மொத்தம் 305 பாடல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அந்த ஆல்பத்தில் உள்ள 'டாம் லின்' 39, 'மாட்டி க்ரோவ்ஸ்' 81. இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரே கதை வேறு வேறு குழுக்களிடம் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். 67-ஆம் எண்ணை எடுத்துக்கொள்வோம். உப்புநீரிலிருந்து மீனை வரவழைக்கும் அளவுக்கு யாழ் வாசிக்கும் ஒருவனுக்கு அவன் வேலைக்காரனே செய்யும் துரோகக் கதை. பென்டாங்கிள் குழு 'க்ரூயல் சிஸ்டர்' ஆல்பத்தில் 'ஜாக் ஓரியன்' என்ற பெயரில் அதைப் பதினெட்டு நிமிடத்துக்கு விரித்தது, ஒரு முழுப் பக்கம். அதே 1970-இல் ட்ரீஸ் என்ற இளம் குழு 'க்ளாஸ்ஜெரியன்' என்ற பெயரில் 'தி கார்டன் ஆஃப் ஜேன் டெலானி'யில் அதைப் பாடியது. பென்டாங்கிளில் ஜாஸ் அடித்தளமும் பொறுமையும் இருக்கும். ட்ரீஸில் சீலியா ஹம்ஃப்ரிஸின் குரலுக்கு அடியில் இரண்டு கிடார்கள் கொடி போல் பின்னிக்கொண்டு போகும். ட்ரீஸின் அடுத்த ஆல்பம் 'ஆன் தி ஷோர்' இன்னும் மேலானது. அதிலுள்ள பத்து நிமிட 'சாலி ஃப்ரீ அண்ட் ஈஸி' இந்த வகையின் உச்சங்களில் ஒன்று. அந்தக் குழு பணம் பார்க்காமலேயே கலைந்தது. அதே ஆல்பத்தின் 'ஜார்டி' பாட்டு 2006-இல் நார்ல்ஸ் பார்க்லியின் 'செயின்ட் எல்ஸ்வேர்' பாட்டுக்குள் சாம்பிளாக வந்தபோது பலர் முதன்முறையாக அவர்களைத் தேடிப்போனார்கள்.

இரண்டாவது முறை இன்னும் எளிது. பின்னட்டையில் உள்ள பெயர்களைத் தொடர்வது. 'சிறந்த நூறு ஆல்பங்கள்' பட்டியல்கள் எப்போதும் அதே இருபது பெயர்களைத்தான் சுற்றிச் சுற்றிக் காட்டும், ஆட்கள் காட்டும் வழி அப்படிச் சுற்றாது. சாண்டி டென்னி 1967-இல் ஸ்ட்ராப்ஸ் குழுவில் பாடினார். அங்கிருந்து ஃபேர்போர்ட். 1971-இல் லெட் செப்பலினின் நான்காவது ஆல்பத்தில் 'தி பேட்டில் ஆஃப் எவர்மோர்'. அந்தப் பெயரைப் பிடித்து ஸ்ட்ராப்ஸுக்குப் போனவர், ரிக் வேக்மன் யெஸ்ஸில் சேரும் முன் அங்கே ஆர்கன் வாசித்த 'ஃப்ரம் தி விட்ச்வுட்' ஆல்பத்தில் (1971) போய் நிற்பார். டேவ் கசின்ஸின் கரகரத்த குரலும் டல்சிமரும் அங்கே காத்திருக்கும். அதைவிட ஒரு படி மேலே 'க்ரேவ் நியூ வேர்ல்டு' (1972). ஃபேர்போர்ட்டின் பேஸ் வாத்தியக்காரர் டேவ் பெக் 1979-இல் டல்லில் சேர்ந்தார். ஸ்பைரோஜைரா குழுவில் பாடிய பார்பரா காஸ்கினைத் தொடர்ந்தால் கேன்டர்பரி வட்டாரத்தின் ஹாட்ஃபீல்டு அண்ட் தி நார்த் வரும். இன்னும் தொடர்ந்தால் 1981-இல் டேவ் ஸ்டுவர்ட்டுடன் அவர் பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்த 'இட்ஸ் மை பார்ட்டி' வந்து நிற்கும்.

வீடுகளைத் தொடர்வதும் பலன் தரும். ட்ராஃபிக் குழு 1967-இலேயே பெர்க்‌ஷயரில் ஆஸ்டன் டைரல்டு கிராமத்துக் குடிசைக்குப் போய்விட்டது. 1970-இல் வந்த அவர்களின் 'ஜான் பார்லிகார்ன் மஸ்ட் டை' தலைப்புப் பாட்டில் டிரம்ஸ் முழக்கம் இல்லை. அக்கூஸ்டிக் கிடாரும் குழலும் குரலும்தான் முன்னே நிற்கின்றன. பார்லியை ஒரு மனிதனாக்கி, விதைத்து, அறுத்து, அரைத்து, பீர் காய்ச்சும் வரைக்கும் சொல்லும் பழைய பாட்டு அது. குழல் வாசித்த கிறிஸ் வுட் அதை வாட்டர்சன்ஸ் குடும்பத்தின் 'ஃப்ராஸ்ட் அண்ட் ஃபயர்' (1965) ஆல்பத்தில் கேட்டுக் கற்றார். வாட்டர்சன்ஸ் வாத்தியமே இல்லாமல் பாடியவர்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது அவசியம். மைக் ஓல்டுஃபீல்டு 'ட்யூபுலர் பெல்ஸ்' தந்த புகழிலிருந்து தப்பி, வேல்ஸ் எல்லையில் ஹெர்ஜஸ்ட் ரிட்ஜ் என்ற குன்றின் அருகே போய்க் குடியிருந்தார். அந்தக் குன்றின் பெயரையே 1974-இல் தன் இரண்டாவது ஆல்பத்துக்கு வைத்தார். அது முதலிடத்துக்குப் போனது. அதைக் கீழிறக்கியது அவருடைய முதல் ஆல்பமே. 1975-இன் 'ஓமடான்' அந்த வீட்டிலேயே பதிவானது. சீஃப்டன்ஸ் குழுவின் பேடி மலோனி ஐரிஷ் பைப்பும், ஜபூலா குழு ஆப்பிரிக்க மேளமும் வாசித்திருக்கிறார்கள். ஓல்டுஃபீல்டின் ஆல்பங்களில் ஒன்று மட்டும் என்றால் அதுதான்.

ஜெனிசிஸ் குழுவுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். 1980-களின் வானொலி வெற்றிகளை மட்டும் கேட்டவருக்கு 'ட்ரெஸ்பாஸ்' (1970) வேறு யாரோ செய்தது போலத் தோன்றும். சர்ரேயின் சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் சந்தித்த நண்பர்கள், 1969 இறுதியில் டோர்க்கிங் அருகே ஒரு குடிசை வீட்டில் ஒதுங்கி, மாதக்கணக்கில் வாசித்து வாசித்து உருவாக்கிய பாட்டுகள் அவை. ஆந்தனி ஃபிலிப்ஸும் மைக் ரதர்ஃபோர்டும் ஆளுக்கொரு பன்னிரண்டு கம்பிக் கிடாரை எடுத்துக்கொண்டு, ஒரே கார்டைக் கழுத்தின் வெவ்வேறு இடங்களில் பிடித்து மீட்டுவார்கள். எது யாருடைய விரல் என்று பிரிக்க முடியாது. 'ஸ்டாக்னேஷன்' பாட்டில் அது ஒன்பது நிமிடம் வளர்ந்துகொண்டே போவதைக் கேட்கலாம். உலகம் அழிந்தபின் பூமிக்கடியில் மிஞ்சிய ஒரே பணக்காரனின் கதை. கிராமிய இசையென்றால் இனிமை மட்டும்தான் என்ற எண்ணத்தை அது கலைத்துவிடும். அட்டைக்கும் ஒரு கதை இருக்கிறது. பால் வைட்ஹெட் மென்மையான ஓவியம் ஒன்றை வரைந்து முடித்திருந்தார். கடைசியில் 'தி நைஃப்' என்ற மூர்க்கமான பாட்டு ஆல்பத்தில் சேர்ந்தது, ஓவியம் இனிப் பொருந்தாது என்று குழு தயங்கியது. வைட்ஹெட் நிஜக் கத்தியை எடுத்துத் தன் கான்வாஸைக் கிழித்தார். அட்டையில் தெரியும் வெட்டு அதுதான்.

மேடை பயத்தாலும் உடல்நலக் குறைவாலும் ஃபிலிப்ஸ் 1970-இலேயே குழுவை விட்டுப் போனார். அவரைத் தேடிப்போக 'தி கீஸ் அண்ட் தி கோஸ்ட்' (1977) இருக்கிறது. ரதர்ஃபோர்டு கூட வாசிக்க, ஃபில் காலின்ஸ் இரண்டு பாட்டுகளைப் பாடியிருக்கிறார். பெரும்பகுதி வாத்தியம் மட்டும், சத்தம் உயராத ஆல்பம். இந்தக் கிளை எவ்வளவு மென்மையாகப் போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஜெனிசிஸின் மற்றவற்றில் 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்டு' (1973), 'விண்ட் அண்ட் வதரிங்' (1976) இரண்டும் போதும்.

க்ரைஃபன் தனி ரகம். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் படித்த ரிச்சர்ட் ஹார்வியும் பிரையன் கல்லண்டும் தொடங்கிய குழு. க்ரம்ஹார்ன் என்ற வளைந்த மறுமலர்ச்சிக்காலக் குழல், பஸூன், ரெக்கார்டர் எல்லாம் ராக் மேடைக்கு வந்தன. 1974-இல் பீட்டர் ஹால் இயக்கிய ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்துக்கு இசையமைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 'மிட்நைட் மஷ்ரம்ப்ஸ்'. ஆனாலும் முதலில் கேட்க வேண்டியது அதே வருடத்தின் 'ரெட் க்வீன் டு க்ரைஃபன் த்ரீ'. சதுரங்க ஆட்டத்தை வைத்து நான்கு நீண்ட வாத்தியப் பாடல்கள், வார்த்தையே இல்லை. அதன் மூன்றாவது பாடலான 'லமென்ட்' பஸூனுக்கு எவ்வளவு துக்கம் தெரியும் என்று காட்டும். பிறகு யெஸ்ஸோடு அமெரிக்கா முழுக்கச் சுற்றினார்கள்.

ஓர் எச்சரிக்கை. கோமஸ் குழுவின் 'ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்' (1971) ஆல்பத்தை ஆர்வக்கோளாறில் முதலில் எடுத்துவிடக் கூடாது. பெரும்பாலும் அக்கூஸ்டிக் வாத்தியம், ஆனால் பாட்டுகளில் கொலையும் வன்முறையும் பித்தும். ரோஜர் வூட்டனின் குரல் பிறாண்டும். அட்டையில் உள்ள கோரமான உருவத்தை அவரே பால்பாயின்ட் பேனாவால் வரைந்தார். இந்தக் காடு எவ்வளவு இருட்டானது என்பதை அறிய அது தேவை. ஆனால் அது ஐந்தாவது அல்லது ஆறாவது ஆல்பம். ஸ்வீடனின் ஓபத் குழு தன் 1998 ஆல்பத்தின் பெயரை அதிலுள்ள 'ட்ரிப் ட்ரிப்' பாட்டிலிருந்துதான் எடுத்தது. மெட்டல் கேட்பவர்களுக்கு அதுவே நுழைவாயிலாகவும் அமையலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. கோமஸ், ட்ரீஸ், ஸ்பைரோஜைராவின் 'பெல்ஸ், பூட்ஸ் அண்ட் ஷாம்பிள்ஸ்', மெல்லோ காண்டிலின் 'ஸ்வாட்லிங் சாங்ஸ்' போன்றவை அப்போது விற்காததால் மூல இசைத்தட்டுகள் அரிதாகி, சேகரிப்பாளர்களிடம் மிகப் பெரிய விலைக்குப் போகின்றன. கேட்பதற்கு அவை தேவையில்லை, மறுவெளியீடுகள் தாராளம். அட்டையில் 'ரீமாஸ்டர்' என்று இருந்தால் பழைய கலவையையே ஒலித்தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். 'ரீமிக்ஸ்' என்றால் பல தட ஒலிநாடாவுக்கே திரும்பிப்போய் ஒவ்வொரு வாத்தியத்தையும் புதிதாக அளந்து வைத்திருக்கிறார்கள். ஸ்டீவன் வில்சன் 2017-இல் 'சாங்ஸ் ஃப்ரம் தி வுட்' ஆல்பத்துக்கு இதைச் செய்தார். பேஸும் சிறு குழாய் ஆர்கனும் அதில் தனித்தனியாகத் தெரிகின்றன, இந்த ஆல்பத்துக்கு அந்தப் பதிப்பே சிறந்தது. இன்னொன்று: இவை ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் என்ற கணக்கில் கோக்கப்பட்டவை. ஸ்ட்ரீமிங்கில் கேட்டாலும் ஷஃபிளை அணைத்துவிட்டு, ஒரு பக்கம் முடிந்ததும் நிறுத்தலாம். போனஸ் பாட்டுகளை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பின்னட்டைப் பெயர்களில் மிக நீளமாகப் போகும் வழி ஜூடி டைபிளுடையது. ஃபேர்போர்ட்டின் முதல் பாடகி அவர்தான், அவர் இடத்துக்குத்தான் டென்னி வந்தார். 1968-இல் ராபர்ட் ஃப்ரிப் குழுவினரோடு 'ஐ டாக் டு தி விண்ட்' பாட்டின் முதல் வடிவத்தைப் பாடிப் பதிவு செய்தார். அதே பாட்டு அடுத்த வருடம் ஃப்ரிப்பின் கிங் க்ரிம்ஸன் குழுவின் முதல் ஆல்பத்தில் க்ரெக் லேக்கின் குரலில் வந்தது. அவர் டேவிட் லாங்டனோடு சேர்ந்து செய்து 2020-இல் வெளிவந்த 'பிட்வீன் எ ப்ரெத் அண்ட் எ ப்ரெத்' அவருடைய கடைசி ஆல்பம்.

லாங்டன் பாடிய குழு பிக் பிக் ட்ரெய்ன். இந்த நூற்றாண்டில் இந்த இசையை உயிரோடு வைத்திருப்பவர்களில் முதன்மையானவர்கள் இவர்கள். வயலையும் காட்டையும் பாடியதோடு சுரங்கம், கப்பல்துறை, ரயில் என்று உழைப்பின் இங்கிலாந்தையும் பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 'இங்லிஷ் எலெக்ட்ரிக்' முதல் பாகத்தில் (2012) 'தி ஃபர்ஸ்ட் ரீபிரீதர்' பாட்டு, செவர்ன் நதிக்கு அடியில் வெட்டும்போது வெள்ளம் புகுந்த ரயில் சுரங்கத்துக்குள் 1880-இல் இறங்கிய அலெக்சாண்டர் லாம்பர்ட் என்ற முக்குளிப்பவரைப் பற்றியது. 'அங்கிள் ஜாக்' ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியைப் பற்றியது. பான்ஜோவோடு துள்ளி ஓடும். இரண்டாம் பாகத்தின் (2013) 'ஈஸ்ட் கோஸ்ட் ரேசர்' பதினைந்து நிமிடம்: 1938-இல் மணிக்கு 126 மைல் வேகத்தைத் தொட்டு நீராவி ரயில் சாதனை படைத்த 'மல்லார்டு' எஞ்சினின் கதை. இந்த மூன்று பாட்டும் பிடித்துப்போனால் அடுத்து 2009-இன் 'தி அண்டர்ஃபால் யார்டு'. அதன் தலைப்புப் பாட்டு இருபத்து மூன்று நிமிடம்.